பேர் வெட்டிய பாத்திரங்கள்

விருந்து மேசையில் வைக்கும் பாத்திரத்தில் சாப்பாடு இருக்க வேண்டும். இதைச் சொல்வதற்கும் ஒரு கட்டுரை தேவைப்படும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனால் சென்னையில் இப்போது நடக்கிற கல்யாண வரவேற்புகளுக்கும் மணிவிழாக்களுக்கும் போய் வருகிறவர்கள் யாரும் என்னைக் கேலி செய்யமாட்டார்கள்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஒரு நீள மேசை. அதன்மேல் செட்டிநாட்டுப் பித்தளையும் வெண்கலமும் அணிவகுத்து நிற்கின்றன. அண்டாவுக்குள் செவ்வந்திப் பூ. கூஜாவுக்குள் மின்சார விளக்கு. ஒரு காலத்தில் பந்தி பந்தியாகச் சாம்பார் சுமந்த வாளிக்குள் வர்ணக் காகிதம். நாமும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பசிக்கிறது என்று உள்ளே போனால் சாம்பார் எவர்சில்வரில் இருக்கிறது; பாயசம் காகிதக் கிண்ணத்தில்; தண்ணீர் பிளாஸ்டிக் புட்டியில்.

பழைய சாமான் வாங்குவதையே நான் எதிர்ப்பதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். நானும் வாங்குகிறவன்தான். சொல்லப்போனால் என் முதல் சண்டை எதிர்க்கட்சியோடுதான். "பிறத்தியார் புழங்கிய பாத்திரம் நல்ல காரியத்துக்கு ஆகாது" என்று சில பெரியவர்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். அடகில் மூழ்கிப்போன நகையை ஏலத்தில் எடுத்துப் பெண்ணுக்குப் பூட்டும்போது அவர்களுக்கு இந்த யோசனை வருவதில்லை. தங்கத்தில் ஒட்டாத தோஷம் பித்தளையில் மட்டும் வந்து ஒட்டிக்கொள்கிறதாம்! இவர்களை விட்டுவிடுவோம். இவர்களால் பாத்திரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை. தொடமாட்டார்கள், அவ்வளவுதான்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வீடு வீடாகக் கழன்று வந்த சாமான்கள் அங்கே கடை கடையாகக் குவிந்து கிடக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண், கதவு, ஊஞ்சல் பலகை, வெற்றிலைப் பெட்டி, பன்னீர்ச் செம்பு, வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த எனாமல் தூக்கு, மங்குத் தட்டு எல்லாம் உண்டு. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் செய்து கட்டிய வீடுகள் அவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது அந்த வாழ்வின் அடித்தளம் ஆட்டங்கண்டது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. 1962இல் வந்த ராணுவ ஆட்சி வங்கிகளையும் கடைகளையும்கூட எடுத்துக்கொண்டது. இங்கேயோ ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி, பிறகு முப்பது பங்காளி. கூரை ஒழுகினால் யார் மாற்றுவது என்பதே வழக்காகிவிடும். கடைசியில் பங்கு பிரிப்பதற்குச் சுலபமானவை பாத்திரங்கள்தாம். எடைக்கு எடை நிறுத்துக் கொடுத்துவிடலாம்.

ஆகையால் அந்தக் கடைக்காரர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வாங்காவிட்டால் இவற்றில் பாதி உருக்குகிறவனின் மூசைக்குள் போயிருக்கும். என் கோபமெல்லாம் அதற்கு அடுத்த காரியத்தின்மேல். அதுதான் பேரை அழிக்கிற காரியம்.

பழைய பாத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழேயோ கழுத்திலோ உளியால் புள்ளி புள்ளியாய்க் குத்திய எழுத்துகள் இருக்கும். இரண்டு மூன்று தலைமுறையின் முதலெழுத்துகள், பிறகு ஒரு பெண்ணின் பேர், சிலவற்றில் ஊர்ப் பேரும் வருஷமும். பெண்ணுக்குக் கொடுத்த சீர் அது. கல்யாணத்தன்று கூடத்தில் பரப்பி வைத்து, ஊரார் பார்த்த பிறகுதான் வண்டியேறும். ஒரு கடையின் பின்கட்டில், சுழலும் பஞ்சுச் சக்கரத்தில் ஒருவர் இந்த எழுத்துகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அச்சி என்று முடியும் ஒரு பேர் என் கண்ணெதிரில் மங்கிப் போயிற்று. "ஏனப்பா இதைப் போய் அழிக்கிறாய்?" என்றேன். "பேரோட இருந்தா எடுக்க யோசிக்கிறாங்கய்யா. யாரு வீட்டுதோன்னு இருக்குமாம்" என்றார். வாங்குகிறவர்களுக்குப் பழமை வேண்டும். ஆனால் அது யாருடையதாகவும் இருந்திருக்கக் கூடாது.

பேர் எதற்காக வெட்டினார்கள்? உடைமை என்று காட்டிக்கொள்ள மட்டும்தானா? அந்த அண்டாவும் குத்துப்போணியும் தாம்பாளமும் வீட்டுப் பரணில் உட்கார்ந்தே இருந்தவை அல்ல. தெருவில் ஒரு கல்யாணம், ஒரு வளைகாப்பு, ஒரு அன்னதானம் என்றால் கிளம்பிவிடும். நாலு வீட்டு அண்டா, மூன்று வீட்டு வாளி, எங்கிருந்தோ வந்த எழுபது டம்ளர்கள். பந்தி முடிந்து கழுவிக் கவிழ்த்த பிறகு எழுத்தைப் பார்த்து அவரவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இரவல் போய் வீடு திரும்புவதற்கும் அந்தப் பேர்தான் விலாசம். வாடகைப் பாத்திரக் கடைகள் பெருகிய பிறகு இது ஓய்ந்தது. ஒன்றோடொன்று பொருந்தாத, பல வீட்டுப் பேர்கள் கலந்து கிடக்கும் விருந்து மேசை நேற்று கண்டுபிடித்த புது நாகரிகம் இல்லை. நம் விருந்து அப்படித்தான் இருந்தது. இன்றைக்கு மேசை அலங்கரிக்கிறவர்கள் ஒரே அளவு, ஒரே மினுக்கு என்று தேடி அலைவதைப் பார்த்தால்தான் எனக்குச் சிரிப்பு வருகிறது.

எனவே வாங்குங்கள். பேரோடு வாங்குங்கள். வாங்கியதில் பரிமாறுங்கள்.

பரிமாறுவதற்கு முன் சில காரியங்கள் உண்டு. கடையில் பளபளக்கும் பித்தளைமேல் பெரும்பாலும் வார்னிஷ் பூசியிருப்பார்கள். அதைப் போக்காமல் சூடான பண்டம் எதையும் ஊற்றக் கூடாது. உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளியும் மோரும் பட்டுக் களிம்பு ஏறும். பூச்சுக்காரர் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரம் தூவி, உருகும் ஈயத்தைத் துணியால் உள்ளே ஓட்டித் துடைத்தால் வெள்ளிபோல் ஆகிவிடும். அடுப்படியில் நாம் ஈயம் என்பது வெள்ளீயம். காரீயம் கலந்த மலிவுப் பூச்சு விஷம். கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். ஈயச் சொம்பு கிடைத்தால் ரசத்துக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகி வழிந்துவிடும். பழைய எனாமலில் உட்புறம் சில்லு பெயர்ந்திருந்தால் அதில் சாப்பாடு வேண்டாம்; அதன் வர்ணத்தில் என்ன கலந்தார்களோ. வெற்றிலை வைக்கலாம், வாழைப்பழம் வைக்கலாம். விளக்குப் போடுவதற்காக அடியில் துளையிட்ட கூஜாவுக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.

இங்கே ஒரு பெண்மணி குறுக்கிட்டு, "புளி போட்டுத் தேய்க்கப் போவது நீங்களா?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இந்தப் பித்தளை முழுவதும் ஒரு காலத்தில் பெண்களின் கைவிரல்களைத் தின்றுதான் மின்னியது. எவர்சில்வர் வந்தபோது அவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் ஆச்சரியமே இல்லை. தினமும் புழங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வருஷத்தில் ஒரு நாள், இரண்டு நாள். பழமையின் அழகைப் பற்றி மேடையில் அரைமணி நேரம் பேசுகிற ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்காரட்டும். கிணறு இல்லாவிட்டால் குழாயடியில்.

"சாம்பாரை ஊற்றினால் படம் நன்றாக வராது" என்பார் அலங்கார ஒப்பந்தக்காரர். முதல் பந்திக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவருக்கு வேண்டிய படங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அந்தக் காகிதத்தை எடுத்தெறிந்து, கழுவி, வாளியைப் பரிமாறுகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள்.