முதல் புத்தகத்துக்கு முதுகு காட்டும் மூத்தவர்கள்

2021 ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சி, கொரோனாவால் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போனது. 2022-இலும் அதே கதை. பெயர் பெற்றவர்களுக்கு அது சில வாரத் தாமதம், அவ்வளவே. முதல் புத்தகம் போட்டவருக்கோ ஸ்டாலில் யாரேனும் எடுத்துப் புரட்டினால்தான் உண்டு. அந்த நாள்களில் மூத்த எழுத்தாளர்கள் பலர் மாலைதோறும் இணையக் கூட்டங்களில் தங்கள் பழைய நாவல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். புதியவரின் தொகுப்பு ஒன்றைப் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொற்று போய்விட்டது, இந்தப் பழக்கம் போகவில்லை.

ஆதரவு என்ற பெயரில் நடப்பது இதைவிட மோசம். நான்கு பக்க அணிந்துரையில் மூன்று பக்கம், அணிந்துரை எழுதியவரின் சொந்த இளமைக்காலம். கடைசிப் பத்தியில் இரண்டு கதைத் தலைப்புகள், அவையும் பொருளடக்கத்திலிருந்து எடுத்தவை. வெளியீட்டு விழாவுக்கு வருகிறார்கள், பொன்னாடை வாங்கிக்கொள்கிறார்கள், மேடையில் கொடுத்த பிரதியை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வாசிக்க நேரமில்லை என்றால் மறுத்துவிடலாமே! படிக்காமல் வாழ்த்துவது எழுதியவனை அவமதிப்பது.

எழுத்தாளர் சி.சு. செல்லப்பாவுக்கு மட்டும் நேரமும் பணமும் கொட்டிக் கிடந்தனவா? 1959 முதல் 1970 வரை ‘எழுத்து’ பத்திரிகையைக் கடன்பட்டு நடத்தினார். கேலிக்கு ஆளாகியிருந்த புதுக்கவிதைக்கு அதில் இடம் கொடுத்தார். சி. மணி அதில் எழுதினார். திருகோணமலையிலிருந்து பிரமிள் எழுதினார், அப்போது வயது இருபதை ஒட்டித்தான். 1962-இல் அந்தக் கவிதைகளை ‘புதுக்குரல்கள்’ என்று தொகுத்தார். விற்காத புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். வெகுஜனப் புகழின் உச்சியில் இருந்த சுஜாதாவும், அப்போது புதியவராக இருந்த நா. முத்துக்குமாரின் ‘தூர்’ கவிதையை மேடையில் வாசித்துக் காட்டியவர்தான். தன் வாசகர்களை இன்னொருவருக்குக் கொடுப்பதில் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் புத்தகக்காரரிடம் அச்சுச் செலவை வாங்கிக்கொள்ளும் பதிப்பகங்கள் இருக்கின்றன. நூறு பிரதியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் நாகரிகமான வடிவம். அதே பதிப்பகத்தில் ராயல்டி வாங்கும் மூத்தவருக்கு இது தெரியாதா? தெரியும். கேட்டால் தன் புத்தகம் நின்றுவிடுமோ என்ற பயம். புதியவர் கேட்டால் அவர் புத்தகம் வெளிவராது. ஆகவே கேட்க வேண்டியவர் மூத்தவர்தான். புதியவரிடம் பணம் வாங்கும் இடத்தில் என் அடுத்த நூல் வராது என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுக்கட்டும். பதிப்பாளர்களும் இந்த வசூலை இந்த ஆண்டோடு நிறுத்த வேண்டும்.

மூத்தவர்களே, படிக்காத நூலுக்கு இனி அணிந்துரை வேண்டாம். படித்தது பிடித்திருந்தால் எழுதுங்கள், பிடிக்காவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். திட்டுகூடப் புதியவருக்குக் கிடைக்காத கவனம்தான். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் உங்கள் கையெழுத்துக்காக வாசகர்கள் வரிசையில் நிற்பார்கள். அந்த மேசையில் உங்கள் நூல்களுக்குப் பக்கத்தில், நீங்கள் உண்மையிலேயே படித்த ஒரு முதல் புத்தகத்தையும் வையுங்கள்.