முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாள் காணி உறுதி ஆகாது



பதிவு கொஞ்சம் நீளம். வீடு, காணி வாங்க விற்க யோசிக்கிறவர்கள் முழுதாகப் படியுங்கள். அம்மா அப்பாவுக்குப் படிக்க நேரமில்லை என்றால் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.

நம்முடைய தோட்டங்களில் வீடு எப்படிக் கைமாறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கொழும்புக்குப் போய்விட்டவர் தன் தனிவீட்டைக் கொடுக்கிறார். ஈ.பி.எஃப். காசு கையில் வந்தவர் வாங்குகிறார். ஒரு வெள்ளைத்தாள், அதில் ஒரு முத்திரை, இரண்டு கையெழுத்து, தலைவர் சாட்சி. வியாபாரம் முடிந்தது. என் மாணவன் ஒருவனுடைய தகப்பனும் இப்படித்தான் வாங்கினார். அவ்வளவும் மனைவி கொழுந்து பறித்துச் சேர்த்த காசு. விற்றவர் இறந்ததும் அவருடைய மகன்மார் வந்து "இது எங்க அப்பா வீடு, எழும்புங்க" என்றார்கள். சட்டத்தரணியிடம் போனார். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வேண்டுமானால் வழக்குப் போட்டுப் பார்க்கலாம், வீட்டைக் கேட்க இந்தத் தாளில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். "முத்திரை எல்லாம் ஒட்டியிருக்கே சேர்" என்று என்னிடம் வந்து நின்றார்.

முத்திரை ஒட்டினால் போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. காணியை விற்பதோ, ஈடு வைப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அந்த விற்பனை நடக்கவே இல்லை. தலைவரும் கிராம உத்தியோகத்தரும் நொத்தாரிசு அல்ல. குர்ஆனின் ஆக நீண்ட வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுகிறவரை வைத்து, சாட்சிகளோடு எழுதிக்கொள்வதைப் பற்றியது. நம்பிக்கையான மனிதரிடம் எழுத்துக் கேட்பது அவரை அவமதிப்பதல்ல. இதை எங்கள் ஆட்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். டவுனில் எத்தனையோ கடைகள் மௌத்தாகிப்போன வாப்பாவின் பெயரிலேயே, பங்கு பிரிக்காமல், கிடக்கின்றன.

ஆனால் தோட்டத்து வீட்டுக்கு நொத்தாரிசிடமே போயிருந்தாலும் பிரச்சினை தீர்ந்திருக்காது. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் விற்க முடியாது. விற்றவரிடம் இருந்தது குடியிருக்கும் இடம், காணியின் உரிமை அல்ல. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது, பிறகு 2045 வரை நீண்ட குத்தகையும் எழுதப்பட்டது. காணி இன்னமும் அரசினுடையது. கம்பனிகூட வாடகைக்காரன்தான்.

"பத்து வருஷம் இருந்தா நமக்குச் சொந்தம்தானே சேர்?" இந்தக் கேள்வியை நான் கேட்காத பெற்றோர் கூட்டமே இல்லை. பத்து வருட ஆட்சியுரிமை 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது உரிமைக்காரருக்கு எதிராக, அவரை மதிக்காமல், தன்னுடையது என்றே ஆண்டவருக்கு. தோட்டம் கொடுத்த லயத்தில் இருப்பது அனுமதியோடு இருப்பது. அரச காணிக்கு எதிராக அந்தச் சட்டம் செல்லவும் செல்லாது. ஆக, நாலு தலைமுறை இருந்தாலும் கணக்கு பூச்சியம். 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்த இருநூறு வருடமும் காணிப் பதிவகத்தில் ஒரு வரிகூட இல்லை. இதைச் சட்டம் என்று சொல்லலாம், நியாயம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

ஆகவே கையில் இருக்கும் கடதாசி என்ன வகை என்று முதலில் பாருங்கள். மின்சார பில், பிரதேச சபை ரசீது, வீட்டுக் கடன் கட்டிய துண்டு, இவையெல்லாம் நீங்கள் அங்கே இருப்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது. வீடு ஒதுக்கிய கடிதமும் அப்படித்தான். அரச காணி அனுமதிப் பத்திரம் ஒரு படி மேல். ஆனால் அதைப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் விற்க முடியாது. உறுதி என்றால் அதில் அளவையாளர் வரைபட இலக்கம், துண்டின் எல்லை, பரப்பு எல்லாம் இருக்கும். காணிப் பதிவகத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருக்கும். கட்டணம் கட்டி அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கலாம். டவுன் பக்கம் காணி வாங்குகிறவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள், வேறு ஈடோ வழக்கோ பதிந்திருந்தால் அதில் தெரியும். கையெழுத்திட்டதும் தாமதிக்காமல் பதியுங்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால், மோசடி செய்யாமல் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை என்பது 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். சிங்களத்தில் எழுதிய உறுதி என்றால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். வாசித்து விளக்கிய பின்பே கையெழுத்து வாங்கியதாக நொத்தாரிசு எழுதுகிறார், அதை உண்மையாகச் செய்யச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

இப்போது என் மனதில் கிடக்கும் விஷயம். 2017 மேயில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து பத்தாயிரம் வீடு அறிவித்தார். ஆளுக்கு ஏழு பேர்ச்சஸ் என்று வருடக்கணக்காகக் கேட்கிறோம். 2018இல் தோட்டப் பகுதிக்கென்று புதிய கிராமங்கள் அதிகாரசபைச் சட்டமும் வந்தது. எல்லா விழாவிலும் சாவி கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். எந்தக் கட்சி என்று நான் பார்க்கவில்லை. மேடைக்குப் போகிறவர்கள் மாலைக்குப் பதிலாக மூன்று கேள்வியோடு போங்கள். இந்தக் காணி கம்பனிக் குத்தகையிலிருந்து விடுவிக்கப்பட்டதா? வரைபட இலக்கம் என்ன? காணிப் பதிவகத்தில் எந்தப் பக்கம்? இதற்குப் பதில் இல்லாத கடதாசி சட்டகம் போட்டு மாட்டத்தான் உதவும். வங்கி அதற்குக் கடன் தராது. ஒன்றாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது வதிவிடத்துக்கு உறுதி கேட்கிறார்கள், அங்கே நம் பிள்ளைகள் புள்ளி இழப்பதை நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறேன்.

உறுதி வரும்போது அதில் யார் பெயர்? "ஆம்பிளை பேருல போட்டா போதும்" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வெற்றிலைக்கும் கொழுந்துக் கூடைக்கும் நடுவில் சம்பாதித்தவள் பெயரும் இருக்க வேண்டும். கணவர் மரண சாசனம் எழுதாமல் இறந்தால் பொதுச் சட்டப்படி மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி ஆண் பெண் வித்தியாசமில்லாமல் பிள்ளைகளுக்கு. (முஸ்லிம்களுக்கு வேறு சட்டம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே குடித்து விற்றால் அவளுக்கு என்ன? இரண்டு பெயரும் இருந்தால் அவள் கையெழுத்தில்லாமல் முழு வீட்டையும் விற்க முடியாது. அனுமதிப் பத்திரக் காணிகளில் வாரிசு நியமிக்காவிட்டால் ஆண் பிள்ளைக்கே முதலிடம் என்று நெடுங்காலம் இருந்தது. 2022 திருத்தம்தான் அதை மாற்றியது.

வெள்ளைத்தாளில் ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதைக் கிழித்து எறிய வேண்டாம். காசு கொடுத்ததற்கு அதுவே சாட்சி. விற்றவர் உயிரோடு இருக்கும்போதே, தோட்ட நிர்வாகத்திலும் வீடமைப்புப் பட்டியலிலும் பெயரை மாற்ற எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போகலாம், வருமானம் குறைந்தவர்களுக்கென்றே அது இருக்கிறது. போகும்போது அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள், போட்டோ கொப்பி போதும்.