தகுதி கேட்க வேண்டியது யாரிடம்?

கடல் கடந்து உழைக்கச் செல்வோருக்கான 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தை நீக்கி, அதன் இடத்தில் புதிய சட்டம் ஒன்றைக் கொணரும் முன்வரைவை வெளியுறவு அமைச்சகம் 2025 அக்டோபரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. இதே நோக்குடன் 2019-லும் 2021-லும் வந்த முன்வரைவுகள் சட்டமாகாமலே முடங்கின.

காவிரிப் படுகைக்கு இது தில்லிச் செய்தி அன்று, வீட்டுச் செய்தி. குறுவைக்கு ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தது. நடவையும் அறுவடையையும் இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. கூத்தாநல்லூரிலும் நாகூரிலும் அதிராம்பட்டினத்திலும் கடல் கடந்து பிழைக்கும் சபுராளிகள் இல்லாத தெரு என்றுமே இருந்ததில்லை. இன்றோ, காணி நிலமும் இல்லாத விவசாயத் தொழிலாளியின் மகனும் அதே வழியில் விசா தேடி நிற்கிறான்.

அவனிடம் நம் சட்டம் கேட்கும் முதற் கேள்வி, பத்தாம் வகுப்புத் தேறினாயா என்பது. தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வுக் காப்பாளரின் அனுமதி வேண்டும். ஐம்பது வயதைக் கடந்தவருக்கும் வருமான வரி செலுத்துவோருக்கும் விலக்கு உண்டு. முப்பது வயது நிரம்பாத பெண்ணுக்கு அனுமதியே இல்லை. எளியவர் ஏமாறலாகாது என்ற நல்லெண்ணத்தில் பிறந்த விதிகளே இவை. முறையான பணி ஒப்பந்தமும் பத்து லட்சம் ரூபாய்க் காப்பீடும் இவ்வனுமதியுடன் இணைந்தவை என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் விளைந்தது வேறு. அனுமதி கிட்டாது என்று அஞ்சுபவரை முகவர் சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்புகிறார். இறங்கிய இடத்தில் ஒப்பந்தமில்லை, காப்பீடில்லை, தூதரகத்தின் பதிவேட்டில் பெயருமில்லை. ஊதியம் மறுக்கப்பட்டு முறையிடப் போனால், விசா விதியை மீறியவர் என்று முறையிட்டவரே சிறைக்குள் தள்ளப்படுகிறார். மறுபுறம், கல்வித் தகுதி நிரம்பியவர் பாதுகாப்பானவர் என்ற கணக்கும் பொய்த்துவிட்டது. 2022-இல் கணினி வேலை என்ற ஆசை வார்த்தையில் மயங்கித் தாய்லாந்து வழியே மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் படித்தவர்கள். பள்ளிச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடையும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்களை அனுப்பியவர் தென்படவே இல்லை.

பயணியைச் சோதிப்பதும் அனுப்புபவனை விட்டுவிடுவதும் இம்மண் கண்ட பழங்கதை. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறியவர்களை மலாயாத் தோட்டங்களுக்குத் திரட்டியவர் கங்காணி. அவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், அதே சாதிக்காரர். தோட்டத் துரையிடம் தலைக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொண்டு, கூட்டிச் சென்றவர்களின் கணக்கில் கடனையும் ஏற்றினார். வலங்கைமானில் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாத் தொழிலாளர் நிலையை நேரில் ஆராய்ந்து 1937-இல் அறிக்கை அளித்தார். அது மென்மையானது என்று அந்நாளிலேயே குறை கூறியவர் உண்டு. அக்குறையில் நியாயமும் உண்டு. மறு ஆண்டில், உடலுழைப்புத் தொழிலாளரைச் செலவு கொடுத்து மலாயாவுக்கு அழைத்துச் செல்வதை இந்திய அரசு தடை செய்தது.

தகுதித் தேர்வு என்னும் போர்வையில் அயலார் செய்த கொடுமையையும் நாம் அறிவோம். ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கே நுழைவு என்று 1897-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் சட்டம் செய்தது. இந்தியர் என்ற சொல் அதில் இல்லை. இந்தியரை விலக்குவதே அதன் நோக்கம். 1913-இல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் இயற்றிய குடிபுகுவோர் சட்டமும் அதே தடத்தில் நடந்தது. அவ்வாண்டில் அங்கு இந்தியர் நடத்திய அறப்போரில் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிச் சிறைபுகுந்து, நோயுற்று, 1914 பிப்ரவரி 22-இல் உயிர்நீத்த பதினாறு வயதுப் பெண்ணைத் தில்லையாடி வள்ளியம்மை என்று நம் ஊர்ப் பெயரால் போற்றுகிறோம். எந்நாடும் தன் வாயிலில் விதி வகுக்கலாம், அவ்வுரிமையை மறுப்பாரில்லை. தன் குடிமகன் புறப்படும் வாயிலில் ஓர் அரசு விதி வகுக்கும்போது அதன் கடமை வேறு. அங்கே அது காவலாக நிற்க வேண்டும், தேர்வாளராக அன்று.

இன்றைய கங்காணி துணை முகவர். பதிவு பெற்ற முகவர் சென்னையிலோ மும்பையிலோ அமர்ந்திருக்க, மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் வந்து கடவுச்சீட்டை வாங்கிச் செல்பவர் இவரே. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவருக்குப் பெயருமில்லை, பொறுப்புமில்லை. முகவர் தொழிலாளியிடம் 30,000 ரூபாய்க்கும் அதற்குரிய வரிக்கும் மேல் வாங்கலாகாது என்பது விதி. அடகு வைத்த நகைக்கும் ஒத்திக்கு விட்ட நிலத்துக்கும் இவ்விதி தெரியாது. பாதிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ நேரே வழக்குத் தொடுத்தால் அன்றி, முகவர் மீது வழக்குத் தொடர நடுவண் அரசின் முன்னிசைவு வேண்டும் என்கிறது அதே சட்டம். குற்றவாளிக்கு இவ்வளவு பரிவு காட்டும் சட்டம் அரிது.

ஆகவே புதிய சட்டம் தகுதியை முகவரிடம் கேட்கட்டும். வேலை தருபவரிடமும் கேட்கட்டும். துணை முகவரின் ஒவ்வொரு செயலுக்கும் தலைமை முகவரே பொறுப்பு என எழுதட்டும். ஆள்சேர்ப்புச் செலவை வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வலியுறுத்தும் நெறி. அதை நாம் ஏற்கத் தயங்குவதற்குக் காரணமில்லை. விதி மீறிய தொழிலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம், கடவுச்சீட்டு முடக்கம் என்று 2021 முன்வரைவில் இருந்த கொடிய பிரிவின் நிழலும் இதில் படியலாகாது. பெண்ணின் வயதைக் காட்டி வாயிலை அடைப்பதை விடுத்து, அவர் செல்லும் வீட்டின் முதலாளியை விசாரிக்கும் ஆற்றலைத் தூதரகங்களுக்குத் தர வேண்டும்.

தஞ்சை, நாகை, மயிலாடுதுறைத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு கருதாது, இத்திருத்தங்களை எழுத்தில் முன்வைக்க வேண்டும். அவை ஏற்கப்படாதவரை இச்சட்டத்துக்கு அவர்கள் வாக்களிக்கலாகாது.