பேய்க்கு அஞ்சாதவர்கள் பெண்ணுக்கு அஞ்சினார்கள்

பிணம் எழுந்து நடப்பதையும் காட்டேரி ரத்தம் குடிப்பதையும் ஜனங்கள் பார்க்கலாம் என்று அனுமதித்த ஒரு சர்க்கார், பெண்கள் குஸ்தி போடுவதை மட்டும் பார்க்கக்கூடாது என்று சுமார் முப்பது வருஷ காலம் தடுத்து வைத்திருந்தது என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். ஏனெனில் அது மெக்சிகோ தேசத்துத் தலைநகரத்திலே, நாகரிகம் மிகுந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இருபதாம் நூற்றாண்டிலே நடந்தது.

அந்தத் தேசத்தில் குஸ்தி என்பது ஏழை எளிய மக்களின் பெரிய பொழுதுபோக்கு. 1933-ல் சால்வடோர் லுட்டெரோத் என்பவர் அதற்கென்று ஒரு கம்பெனி ஆரம்பித்தது முதல், முகமூடி தரித்த பயில்வான்கள் மக்களிடையே வீரர்களாக விளங்கினார்கள். பின்னர் சினிமா முதலாளிகள் இந்தப் பயில்வான்களைப் படத்தில் புகுத்தி, எதிரிகளாகப் பேய், பிசாசு, காட்டேரிகளை நிறுத்தினார்கள். செலவு சொற்பம்; கதை அதைவிடச் சொற்பம்; வசூலோ நல்ல வசூல்.

1962-ல் வந்த அப்படிப்பட்ட ஒரு படத்தில், எல் சாண்டோ என்ற பேர்பெற்ற முகமூடிப் பயில்வானை எதிர்க்கும் காட்டேரிக் கூட்டத்துக்கு ராணியாக நடித்தவர் லொரேனா வெலாஸ்கெஸ். மறு வருஷமே, 1963-ல், ரெனே கார்டோனா என்ற டைரக்டர் அவரைக் கதாநாயகியாக்கி, குஸ்திக்காரியாகக் கோதாவில் இறக்கினார். கூட்டாளியாக எலிசபெத் காம்ப்பெல் வந்தார். பெண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அவர்களுடைய மூளையை எடுத்து மாற்றி வைத்துப் பார்க்கும் ஒரு கொலைகார வைத்தியனை இந்த இருவரும் எதிர்ப்பதுதான் கதை. அடுத்த வருஷம், 1964-ல், இதே இருவர் ஒரு புராதனப் பிணத்தோடு மல்லுக்கு நின்றார்கள். அந்தப் பிணம் புதையலைக் காக்குமாம். வேண்டும்போது வௌவாலாக மாறுமாம்!

இந்தக் கதைகள் சுத்தப் பிதற்றல் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இவைகளில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பெரும்பாலான பேய்ப் படங்களில் பெண்ணுக்கு உள்ள வேலை என்ன? கூச்சலிடுவாள், மயங்கி விழுவாள், பேய் தூக்கிக்கொண்டு போகும், ஒரு ஆண் வந்து மீட்பான். அதாவது பெண் என்பவள் ஒருவன் திருடவும் மற்றொருவன் மீட்கவும் ஏற்பட்ட ஒரு மூட்டை. ஆனால் இந்த மெக்சிகோ படங்களிலோ பெண் அடி வாங்குகிறாள், விழுகிறாள், எழுந்திருக்கிறாள், திருப்பி அடிக்கிறாள். அந்த ஒரு காரியத்துக்காகவாவது இவைகளுக்கு ஒரு சிறு மரியாதை செய்யலாம் என்பதே நமது அபிப்பிராயம்.

இனி, வெள்ளைத் திரைக்கு வெளியே நடந்த சங்கதிக்கு வருவோம்.

இந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில், மெக்சிகோ தலைநகரத்துக் கோதாக்களில் உண்மையான பெண் பயில்வான்கள் ஏறக்கூடாது என்று தடை இருந்தது. எர்னெஸ்டோ உருச்சுர்த்து என்பவர் 1952 முதல் 1966 வரை அந்நகரத்தை நிர்வாகம் செய்துவந்த காலத்தில், 1950-களின் மத்தியில் ஏற்பட்ட தடை அது. 1986-ல்தான் அது நீங்கிற்று. அவர் போனபின் இருபது வருஷம் அவர் காலத்துத் தடை ஆட்சி செய்திருக்கிறது! காரணம் என்னவென்றால், ஒழுக்கமாம், நகரத்தின் நற்பெயராம்.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். குஸ்தியைத் தொழிலாகக் கொள்ளாத நடிகை, பயில்வானாக வேஷம் போட்டுக்கொண்டு படத்தில் குதித்தால் அது கலை. வரி கட்டும் வியாபாரம். யாருடைய ஒழுக்கமும் கெடவில்லை. குஸ்தியே ஜீவனமாகக் கொண்டு, சிறு வயது முதல் விழுந்து எழுந்து பழகிய ஒரு பெண், அதே நகரத்தில் அதே காரியத்தைச் செய்தால் ஒழுக்கக்கேடு! பொய்ப் பெண்ணுக்குப் பணம். மெய்ப் பெண்ணுக்குப் பூட்டு. இதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று கேட்கிறோம்.

அன்றியும், அந்தத் தேசத்துப் பெண்களுக்குப் பூரண வோட்டுரிமை கிடைத்தது 1953-ல். தேசத்தை ஆளுகிறவர்களைத் தேர்ந்தெடுக்கும் அறிவு பெண்ணுக்கு உண்டு என்று ஒரு கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, சில வருஷங்களுக்குள் மற்றொரு கையால், உன் உடம்பைக் கொண்டு நீ என்ன தொழில் செய்யலாம் என்று தீர்மானிக்கும் அறிவு உனக்கில்லை என்று எழுதியிருக்கிறார்கள். முதல் கை கொடுத்ததை இரண்டாவது கை பிடுங்கிக்கொண்டதல்லவா?

தடையினால் பெண் பயில்வான்கள் ஒழிந்தார்களா? இல்லை. இர்மா கொன்சாலெஸ் போன்றவர்கள் வெளியூர்க் கோதாக்களில் குஸ்தி போட்டுப் பேரெடுத்தார்கள். தலைநகரத்தின் பெரிய மண்டபமும், பெரிய வரும்படியும்தான் அவர்களுக்கு இல்லாமற் போயிற்று. ஆகவே அந்தத் தடை காப்பாற்றியது ஒழுக்கத்தையல்ல. உழைக்கும் பெண்களின் கூலியைக் குறைத்ததுதான் அது செய்த காரியம்.

சிலர் வேறொரு ஆட்சேபம் சொல்லக்கூடும். “இந்தப் படங்களை எடுத்தவர்கள் பெண் விடுதலைக்காகவா எடுத்தார்கள்? இறுக்கமான உடையில் பெண்களைக் காட்டி ஆண்களின் காசைப் பறிக்கவல்லவா எடுத்தார்கள்?” என்பார்கள். உண்மைதான். முதலாளியின் எண்ணம் காசு என்பதில் நமக்கும் ஆட்சேபணையில்லை. ஆனால் கெட்ட எண்ணத்தோடு திறக்கப்பட்ட கதவாயினும் அதன் வழியாக வெளிச்சம் வரத்தான் செய்யும். அந்தக் கதவுக்கு யார் எஜமானாயிருப்பது என்பதுதான் கேள்வியே ஒழிய, கதவை மூடிவிடுவது பரிகாரமாகாது. பெண்ணின் உடையைப் பார்த்துக் கெட்டுப்போகிறவனைத் திருத்த வழி தேடாமல், பெண்ணை வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர் வைத்தியம்?

நிற்க. அந்தப் பிணத்தின் கதையையும் சிறிது விசாரித்துவிடுவோம். படத்தில் எழுந்து வருவது அஸ்டெக் காலத்துப் பிணம் என்கிறார்கள். அஸ்டெக் ராஜாக்களின் உடலை எரிப்பதே வழக்கம். துணி சுற்றிப் பதப்படுத்திய பிணம் எகிப்து தேசத்துச் சரக்கு. அதைப் பேயாக்கி விற்றது 1932-ல் வந்த அமெரிக்கப் படம். 1521-ல் ஸ்பானியர்களால் வீழ்த்தப்பட்ட ஒரு ஜனசமூகத்தின் முன்னோர்களை, அவர்கள் மண்ணிலேயே, இரவல் வாங்கிய பேயாக்கிக் காட்டினார்கள்.

மெக்சிகோவில் உண்மையாகவே உலர்ந்த பிணங்கள் உண்டு. குவானாஹுவாட்டோ என்ற ஊரில் அவைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டுகிறார்கள். அவைகள் எப்படி வெளியே வந்தன? மந்திரத்தால் வந்தனவா? சாபத்தால் வந்தனவா? இல்லை. கல்லறைக்குக் கட்டணம் கட்டவேண்டும் என்பது அவ்வூர்ச் சட்டம். கட்ட முடியாத குடும்பங்களின் பிணங்களை 1865 முதல் வெளியே எடுத்தார்கள். அவைகளிற் சில அழுகாமல் உலர்ந்திருந்தன. வறண்ட காற்றும் அடைத்த கல்லறையும் செய்த வேலை அது. ஏழை செத்த பின்னும் வாடகை கொடுக்கவில்லை என்று கிளப்பி நிறுத்தினார்களே, இதைவிடப் பயங்கரமான பேய்க்கதை எந்தக் காமிராக்காரன் எடுத்தான்? மெக்சிகோ பயில்வான் படங்களிலும் இந்தப் பிணங்கள் பின்னால் பேய்களாக வந்தன. கட்டணம் கேட்ட அதிகாரி மட்டும் எந்தப் படத்திலும் பேயாக வந்ததாக நாம் அறியோம்.

இதிலிருந்து விளங்குவது என்ன? பயப்படவேண்டிய இடத்தை மக்களுக்கு மாற்றிக் காட்டுவதுதான் பேய்க்கதையின் வேலை. செத்தவன் எழுந்து வந்து யாருடைய கூலியையும் குறைத்ததில்லை. காட்டேரி வந்து எந்தக் கோதாவையும் பூட்டியதில்லை. இவைகளைச் செய்தவர்கள் நல்ல உடை உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, ஒழுக்கத்தின் பேரால் கையெழுத்துப் போட்ட கனவான்கள்.

லொரேனா வெலாஸ்கெஸ் 2024-ல் காலமானார். அவர் நடித்த படங்களைப் பார்த்து இன்று பலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் சிரித்து முடிந்த பிறகு ஒன்றை யோசிக்கட்டும். பெண் பேயை அடித்தால் கைதட்டிய சமூகம், பெண் தன் பிழைப்புக்காகக் கோதாவில் ஏறினால் ஏன் நடுங்கிற்று? பேய் பொய் என்பது அவர்களுக்கும் தெரியும்; பெண்ணின் பலம் மெய் என்பதும் தெரியும். அந்த நடுக்கத்துக்கு வேறு காரணம் நமக்குத் தோன்றவில்லை.