வேலியோரத்து ஊதாப்பூ

கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கிக் காட்டினார். அம்மரபில் வந்த நாமோ, நாள்தோறும் பள்ளிக்கு வரும் பாதையில் பூத்து நிற்கும் செடியைக் கண்டு, "ஏதோ காட்டுச்செடி" என்று கூறிக் கடந்து செல்கிறோம். இது நமக்கு அழகன்று. நம் சுற்றுப்புறத்து மலர் ஒன்றையேனும் ஐயமற இனங்கண்டு பெயர் சொல்ல ஒவ்வொரு மாணவரும் கற்றல் வேண்டும்.

அதற்கு ஏற்ற மலர் செண்டுடுக் ஆகும். இது மலாய் மக்கள் வழங்கும் பெயர். ஏறக்குறைய ஆளுயரம் வளரும் இப்புதர்ச்செடியின் இலை, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். இலையின் அடியிலிருந்து நுனிவரை மூன்று நரம்புகள் நீளவாக்கில் தெளிவாக ஓடும். பூ ஊதா நிறமுடையது. பெரும்பாலும் ஐந்து இதழ்கள் கொண்டது. ஒரு பூ ஒரு நாளே மலர்ந்திருக்கும். பழம் முற்றியதும் வெடித்துக் கருநிறச் சதையைக் காட்டும். அதைத் தின்றவரின் நாக்குக் கறுத்துவிடும். தாவரவியலார் இதற்கு வழங்கும் 'மெலஸ்தோமா' என்னும் கிரேக்கப் பெயருக்கும் 'கரிய வாய்' என்பதே பொருள்.

மாணவச் செல்வங்களே! இதைப் போன்றே நரம்போடிய இலையுடைய வேறொரு செடியும் தோட்டப்புறங்களில் உண்டு. அதன் பூ சிறியது, வெண்மையானது. எனவே இலையை மட்டும் கண்டு முடிவு செய்யாதீர். பூவின் நிறத்தையும் நோக்குவீர். பெரியோர் காட்டித் தராத எந்தக் காட்டுப் பழத்தையும் வாயிலிடாதீர்.

செண்டுடுக் வெயில் விழும் திறந்தவெளியை விரும்புவது. காட்டின் விளிம்பு, தோட்டத்து ஓரம், சாலையோர மேடு, கைவிடப்பட்ட நிலம் ஆகிய இடங்களில் இதனைக் காணலாம். புளிப்பு மிகுந்த மண்ணிலும் செழித்து வளரும்.

நமக்குச் சோறிட்ட ரப்பர் மரம் பிரேசில் நாட்டுக்குரியது. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. செம்பனை ஆப்பிரிக்காவுக்குரியது. தொட்டாற்சுருங்கியும் அமெரிக்க மண்ணைச் சேர்ந்ததே. இவற்றையெல்லாம் நன்கறிந்த நாம், இம்மண்ணுக்கே உரிய செண்டுடுக்கை அறியாதிருப்பது முறையா? இச்செடி தென்னிந்திய மலைப்பகுதிகளிலும் இயற்கையாகவே வளர்கிறது. நம் முன்னோர் விட்டு வந்த மண்ணுக்கும் நாம் வாழும் மண்ணுக்கும் ஒருங்கே சொந்தமான மலரன்றோ இது!

"இது களைதானே?" எனப் பெற்றோர் வினவலாம். மரவரிசைகளுக்கு இடையே வளர்ந்தால் களைதான். அதனை அகற்றுவது தோட்டத் தொழிலாளரின் கடமை. ஆனால் பள்ளி வேலியோரத்தில் நிற்பதால் எவருக்கு என்ன இடையூறு? அங்கு மகரந்தத்தை நாடி வண்டுகளும் தேனீக்களும் வருகின்றன. பழத்தை நாடிச் சிறு பறவைகள் வருகின்றன. மருந்து தெளித்து அனைத்தையும் கருக்கிவிட்டால், பிள்ளைகள் கண்டு கற்பதற்கு எஞ்சுவது வெறுந்தரையே.

ஆதலின், ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு புதரையேனும் வெட்டாது விடுவோம். அதனருகே மாணவர் தம் கையால் பெயரெழுதிய பலகை ஒன்றை நடுவோம். பெயரறிந்த செடியைக் கண்மூடி வெட்டக் கை துணியாது. அப்பலகை தோட்டக்காரருக்கும் பெற்றோருக்கும் நம் பிள்ளைகள் கற்பிக்கும் நல்ல பாடமாக அமையட்டும்!