கூறுபட்ட கப்பல்

மாசி மாதத்து முன்னிரவில் தெற்கு நோக்கி நிற்பவர்க்குத் தென்னந்தோப்புகளுக்குச் சற்று மேலே வெண்மையாய் ஜொலிக்கும் தாரகை, நம் முன்னோர் அகத்தியர் என்று வணங்கியதும், பிரகாசத்தில் சீரியஸ் ஒன்றுக்கே இளைத்ததுமான கானோப்பஸ் ஆகும். கிரேக்கர் இதனை ஆர்கோ என்னும் கப்பலின் சுக்கானில் பதித்துவைத்தனர். ஆனால் ரோட்ஸ் தீவினருக்கோ அது அடிவானத்தைத் தொட்டு மறைவது, ஏதென்ஸ் நகரத்தார்க்கு அதுவும் இல்லை.

பொன்மயமான ஆட்டுத்தோலைத் தேடி ஜேசனும் தோழரும் கொல்கிஸ் தேசத்துக்குச் சென்ற அக்கப்பலின் முகப்பில், டொடோனா வனத்து ஓக் மரப்பலகையொன்றை அதீனாதேவி பொருத்தியதால், அதற்கு மனிதரைப்போல் பேசும் சக்தி வாய்த்ததாம். வானத்திலோ அந்தப் பேசும் அணியத்தையே காணோம். அமரப் பாதி மட்டும் பின்புறமாகவே மேற்கு நோக்கி நகர்கிறது. இறுதியில் உளுத்துக் கிடந்த அதே கப்பலின் மரம் விழுந்து ஜேசன் மாண்டான் என்பது கதையின் குரூரமான முடிவு.

கப்பலுக்கும் நற்கதி வாய்க்கவில்லை. 1751 முதல் நன்னம்பிக்கை முனையில் தங்கி, சிறியதொரு தொலைநோக்கியால் ஏறத்தாழப் 10,000 நட்சத்திரங்களை அளந்த பிரெஞ்சுப் பாதிரியார் லக்காய், அதன் விஸ்தாரத்தைக் கண்டு ஏரா, அமரம், பாய் எனப் பகுத்தார். 1922-இல் சர்வதேச வானியல் சங்கம் 88 மண்டலங்களை ஏற்றபோது அவை தனித்தனியாகவே நிலைத்தன. ஆயினும் கிரேக்க எழுத்துகள் முழுக் கப்பலுக்கும் ஒரே வரிசையில் இடப்பட்டவையாதலால், ஆல்பா ஏராவில் நிற்க, காமா பாயிலும் ஸீட்டா அமரத்திலும் கிடக்கின்றன. பாய்க்கென்று ஓர் ஆல்பா இன்றளவும் கிடையாது.

அளவைக்காரர்க்கு இப்பாகப்பிரிவினை அவசியமே. அதில் எனக்கு விவாதமில்லை. வெறுங்கண்ணால் வானம் பார்க்கும் சிறுவனுக்கு அது எதற்கு? அதே லக்காய் தென்வானில் ஏற்றிவைத்த காற்றுப்பம்பும் உலையும் நுண்ணோக்கியும் மங்கலான சில புள்ளிகளே. அவற்றுக்குச் சொல்ல ஒரு கதையேனும் உண்டா? நம் பள்ளிகளில் முழுக் கப்பலையே முதலில் காட்டவேண்டும்; அதன் சுக்கானில் அகத்தியரையும் காட்டவேண்டும். அகத்தியர் உதயமானால் மழைக்காலத்தில் கலங்கிய நீர் தெளியும் என்னும் நம்பிக்கையை உட்கொண்டு, வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் அவருக்கென ஓர் அத்தியாயமே வகுத்திருக்கிறார். அதையும் சொல்லிவிட்டு, அத்தாரகை சுமார் 310 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளதெனப் பிறகு கற்பித்தால் போதும். எண்ணை மாத்திரம் நெட்டுருச் செய்த மாணவன் பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறான்.