பிறருக்காக ஒரு ஜெபம்

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்." கிறிஸ்தவ வீடுகளில் இதைக் கேட்காத நாள் குறைவு. பரீட்சை, வேலை, ஆபரேஷன், கல்யாணம் என்று எதைச் சொன்னாலும் உடனே இந்தப் பதில் வந்துவிடும். சொன்னவர்களில் எத்தனை பேர் அன்று இரவு முழங்காலில் நின்று அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்? "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பது போல இதுவும் ஒரு விசாரிப்பாகிவிட்டது.

வேதாகமம் இதை இவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இஸ்ரவேலர் தங்களுக்கு ராஜா வேண்டும் என்று கேட்டு சாமுவேலின் தலைமையை ஒதுக்கினார்கள். தலை நரைத்த மனிதர், கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, இந்த ஜனங்களுக்காக ஜெபிப்பதை நிறுத்தினால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்கிறார் (1 சாமுவேல் 12). மறதி இல்லை, சோம்பல் இல்லை, பாவம்!

ஆண்டவருக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு ஒருவர் எதற்கு இன்னொருவருக்காகக் கேட்க வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆதியாகமம் 18-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் சோதோமுக்காகக் கேட்கிறார். 50 நீதிமான்கள் இருந்தால் அந்த ஊரை விட்டுவிடுவீரா என்று தொடங்கி 45, 40, 30, 20, 10 வரை இறங்கி வருகிறார். (காய்கறிச் சந்தையில்கூட இவ்வளவு பொறுமையாக யாரும் பேரம் பேச மாட்டார்கள்.) ஆறு தடவையும் ஆண்டவர் சம்மதிக்கிறார். ஒரு தடவைகூட "போதும்" என்று சொல்லவில்லை. ஆபிரகாமுக்கு அந்த ஊரில் சொத்து இல்லை, சுகம் இல்லை. அங்கே இருந்தவர்கள் நல்லவர்களும் இல்லை. ஆனாலும் கேட்டார்.

கடைசியில் சோதோம் அழிந்தது. அப்படியானால் ஜெபம் வீணா? அடுத்த அதிகாரத்தில், தேவன் ஆபிரகாமை நினைத்து லோத்தை வெளியே அனுப்பினார் என்று ஒரு குறிப்பு வருகிறது. அத்தனை நேரம் பேசிய ஆபிரகாம் லோத்தின் பெயரை ஒரு முறைகூட உச்சரிக்கவில்லை! கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. பிறருக்காக ஜெபித்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

ஜெபிக்கிறவருக்குள் நடப்பதும் முக்கியம். யோபுவின் சிநேகிதர்கள் ஆறுதல் சொல்ல வந்து, உன் பாவத்தால்தான் உனக்கு இந்தக் கதி என்று குத்திக் காட்டினார்கள். அவர்களுக்காக யோபு வேண்டிக்கொண்டபோதுதான் அவருடைய நிலைமையே மாறியது (யோபு 42). ஹிட்லரை எதிர்த்து 1945-ல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர், கிறிஸ்தவர்கள் சேர்ந்து வாழ்வதைப் பற்றி 1939-ல் வெளியிட்ட புத்தகத்தில், ஒருவனுக்காக ஜெபித்துக்கொண்டே அவனை வெறுக்க முடியாது என்ற கருத்தை எழுதியிருக்கிறார். சொல்வது சுலபம். சபை இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொள்ளும் இடங்களில் செய்து பார்த்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் அடுத்த வீட்டுப் பிரச்சினை முழுவதும் கூட்டத்தில் அலசப்படும். "அவங்க பொண்ணுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று ஆரம்பித்து, என்ன நடந்தது என்ற விவரம் பத்து நிமிடம் ஓடும், ஜெபம் ஒரு நிமிடம். இது வம்பு, வேறொன்றும் இல்லை. ஆண்டவருக்கு விவரம் தெரியும், பெயர் மட்டும் போதும்.

ஜெபித்துவிட்டால் கடமை முடிந்தது என்பதும் சரியல்ல. மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனைத் தூக்கிக்கொண்டு வந்த நான்கு பேர் வீட்டின் கூரையையே பிரித்தார்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் பசியோடு இருக்கும்போது அவருக்காகக் கண்ணை மூடினால் போதாது, சாப்பாடும் கொண்டுபோக வேண்டும்.

ஆரம்பிக்கப் பெரிய உபவாசக் கூட்டம் தேவையில்லை. ஒரு பழைய நோட்டில் ஐந்து பெயர்களை எழுதி, தினமும் படுக்கும் முன் ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். அதில் ஒன்று பேச்சுவார்த்தை இல்லாத ஒருவருடைய பெயராக இருக்கட்டும்.